அம்மாவின் பிரெட்னிசொலோன்: விடலாமா, விடாவிட்டால் எதைப் பார்ப்பது?

ரொரன்ரோவில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கொக்குவிலில் தனியாக இருக்கும் அவருடைய அம்மாவுக்கு 71 வயது. ஐந்து மாதத்துக்கு முன் இரண்டு தோளும் தொடையும் இறுகி, காலையில் படுக்கையால் எழும்ப முடியாமல், தலை சீவக் கையைத் தூக்க முடியாமல் போய்விட்டது. பொலிமயால்ஜியா ருமற்றிக்கா, அதாவது தோளிலும் தொடையிலும் நோவும் இறுக்கமும் தரும் அழற்சி நோய், என்று சொல்லி, பிரெட்னிசொலோன் 15 மில்லிகிராமில் தொடங்கி, இப்போது 7.5க்கு இறக்கியிருக்கிறார்கள். நோ இல்லை. ஆனால் முகம் ஊதிவிட்டது, இரவில் நித்திரை இல்லை. பக்கத்து வீட்டு மாமி "அது ஸ்ரெரொயிட், எலும்பைத் தின்றுவிடும், உடனே விடு" என்று சொல்ல, அம்மா இரண்டு நாளாகக் குளிசையைத் தொடவில்லை. விடலாமா, விடாவிட்டால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நான் டொக்டர் இல்லை. முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகங்களில் குளிசை எண்ணிக் கொடுத்த மருந்தாளர். அந்த அளவில் நின்று சொல்கிறேன்.

இதைப் படித்தவுடனே அம்மாவுக்குக் கோல் எடுங்கள். தலைச்சுற்று, சத்தி, எழும்பி நிற்க ஏலாத சோர்வு இருந்தால் இப்போதே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். போனவுடன் "பிரெட்னிசொலோன் போட்டு வந்தேன், இரண்டு நாளாக விட்டுவிட்டேன்" என்ற வசனத்தை முதலில் சொல்லட்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வழமையான 7.5ஐ, அதாவது 5 மில்லிகிராம் குளிசை ஒன்றரை, திரும்பத் தொடங்கட்டும். விட்ட நாளுக்கும் சேர்த்துப் போட வேண்டாம். கிளினிக்குக்கு அறிவிக்கவும் வேண்டும்.

மாமி எலும்பைப் பற்றிச் சொன்னது உண்மைதான், அதற்குப் பிறகு வருகிறேன். அந்த "உடனே விடு" என்ற இரண்டு சொல்தான் ஆளை விழுத்தும். ஏனென்று விளங்கினால் அம்மா தானாகவே விடமாட்டார்.

எங்கள் இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே தொப்பி வைத்த மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொரு விடியப்புறமும் கோர்ட்டிசோல் என்ற சுரப்பைக் கூடுதலாகச் சுரந்து, பிரசரையும் சீனியையும் தாங்கிப் பிடித்து, ஆளை எழுப்பி விடுகின்றன. ஒரு நாளில் அவை சுரக்கும் அளவு ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம். வெளியிலிருந்து அதைவிடக் கூடுதலாகத் தினமும் வந்துகொண்டிருந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். கிணற்றுக்கு மோட்டர் பூட்டிய வீட்டில் துலாவை ஆர் தொடுகிறார்கள்? சில மாதம் கழித்துக் கரண்ட் போன நாளில் போய்ப் பார்த்தால் துலாக்கயிறு இற்றுப்போய்க் கிடக்கும். மூன்று கிழமைக்கு மேல் தினமும் போட்டவர்களுக்கு இந்த நிலைமை இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை. உங்கள் அம்மா ஐந்து மாதம் போட்டிருக்கிறார். சுரப்பி பழையபடி வேலைக்கு வரச் சிலருக்கு ஒரு வருடம்கூட எடுக்கும்.

ஒரு ஐப்பசி மாதம் நடந்தது இது. தொய்வு (ஆஸ்மா) வருத்தத்துக்காகப் பல வருடம் 10 மில்லிகிராம் போட்டுவந்த ஒரு அம்மா. மாதாமாதம் என் யன்னலில் வந்து மருந்து எடுப்பவர். கந்தசஷ்டி விரதம் பிடித்தார். வெறும் வயிற்றில் குளிசை எரியும் என்று அதையும் சேர்த்து விட்டுவிட்டார். நாலாம் நாள் கிணற்றடியில் விழுந்து கிடந்தார். மகள் அழுதுகொண்டு வந்து சொல்ல வார்ட்டில் போய்ப் பார்த்தேன்: பிரசர் 80க்கு 50, சீனியும் இறங்கியிருந்தது, கண் சொருகி, கேட்டதற்கு மறுமொழி இல்லை. கோர்ட்டிசோலின் மருந்து வடிவமான ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பு வழியாகப் போட்டு, சேலைனும் ஏற்றினார்கள். பின்னேரம் எழும்பி இருந்து பிளேன்ரீ கேட்டார். மருந்து இவ்வளவு கெதியாக ஆளைத் திருப்பிக் கொண்டுவந்ததே, அவருக்கு என்ன குறைந்திருந்தது என்பதற்குச் சாட்சி. விரதம் பிடிக்க விரும்பும் ஆட்கள் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் கண்ட மட்டில் முருகன் ஒரு குளிசைக்கும் ஒரு வாய்ச் சோற்றுக்கும் கோபித்ததாகத் தெரியவில்லை.

சரி, ஏன் இந்த மருந்தைத் தந்தார்கள்? உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, சொந்த உடம்பிலேயே அழற்சி மூட்டும் நோய்களில் அந்த நெருப்பை அணைக்க இதைப் போல் கெதியான மருந்து குறைவு. 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் ஊசி போட, சில நாளில் அவர் எழும்பி நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும் கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு. அடுத்த சில வருடங்களிலேயே முகம் ஊதியவர்களும் எலும்பு நொருங்கியவர்களும் வரத்தொடங்கினார்கள். இந்த மருந்தைப் பற்றி ஊரில் இருக்கும் வியப்பும் பயமும் அன்று தொடக்கம் ஒன்றாகவே வருகின்றன. தொய்வு முற்றினவருக்கு ஐந்தாறு நாள், சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கும் பிள்ளைக்குச் சில மாதம், லூப்பஸ்காரருக்கு வருடக்கணக்கு, ஒரு பக்கம் முகம் கோணினால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கிப் பத்து நாள் என்று நோய்க்கு நோய் அளவும் காலமும் மாறும். கொவிட் காலத்தில், 2020இல், ஒட்சிசன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்ததும் இதன் உறவுக்காரரான டெக்சாமெதசோன்தான். தொய்வுக்கு ஐந்து நாள் போட்டவர் ஆறாம் நாள் டக்கென்று விடலாம். உங்கள் அம்மா விட முடியாது. ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்குப் பொருத்துவதில்தான் அரைவாசிக் குழப்பம் வருகிறது. ஜிம்முக்குப் போகும் பொடியள் போடுகிற ஸ்ரெரொயிட் வேறு குடும்பம், அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

பொலிமயால்ஜியா வட ஐரோப்பிய வம்சத்தவரிடம் கூட, எங்கள் ஆட்களிடம் குறைவு, ஆனால் வருகிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே வரும். 15 மில்லிகிராமில் சில நாளிலேயே நோ பறந்துவிடும், அதனாலேயே "சுகம் வந்துவிட்டது, இனி ஏன் மருந்து" என்ற எண்ணமும் வரும். பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வருடம் எடுக்கும் வைத்தியம் இது. 10க்குக் கீழே வந்த பிறகு மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் அளவில் மெல்ல மெல்ல இறக்குவார்கள். 1 மில்லிகிராம் குளிசை கிடைக்காவிட்டால் 5 மில்லிகிராம் குளிசையில் ஒரு நாள் ஒன்றரை, மறுநாள் ஒன்று என்று மாற்றி எழுதித் தருவதும் உண்டு. அப்படி வந்தால் கலண்டரில் 1½, 1, 1½, 1 என்று பேனையால் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன எவரும் மூன்றாவது கிழமை சரியாகச் சொன்னதில்லை.

இந்த நோயோடு கூடப்பிறந்த ஒரு ஆபத்தை அம்மாவுக்கு நிச்சயம் சொல்லி வையுங்கள். புதிதாக ஒரு தலையிடி, நெற்றிப்பொட்டில். தலை சீவும்போது தோல் நோகிறது. வெற்றிலையோ இறைச்சியோ சப்பும்போது தாடை களைத்து நோகிறது. ஒரு கண் திடீரென்று மங்கித் தெளிகிறது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், ஆஸ்பத்திரி. தலைக்கும் கண்ணுக்கும் போகும் இரத்தக் குழாயில் அழற்சி பரவினால் பார்வை நிரந்தரமாகப் போகும். அதற்கு 40 தொடக்கம் 60 மில்லிகிராம் வரை வேண்டும். விக்ஸ் பூசிக்கொண்டு விடியட்டும் என்று படுக்கிற காரியம் இல்லை.

இனிப் பக்கவிளைவு. முகத்தைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லுங்கள்: அளவு இறங்க இறங்க அது வற்றும். கண்ணாடியில் தெரிவதால் எல்லோரும் பயப்படுவது இதற்கே, உண்மையில் இதுதான் இருப்பதில் சாது. நித்திரை இல்லாதது, அவர் குளிசையை எப்போது போடுகிறார் என்பதைப் பொறுத்தது. மத்தியானம், பின்னேரம் என்று பிரித்துப் போட்டால் இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் குசினிக்குள் சட்டிபானை மினுக்குவார்கள். அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும். காலையில் சாப்பிட்டவுடன் ஒரேயடியாகப் போட்டால் உடம்பின் இயல்பான நேரத்தோடு ஒத்துப்போகும். சிலருக்கு அளவுக்கு மீறிய உற்சாகமும் சிலருக்குக் காரணமில்லாத அழுகையும் வரும். தொலைபேசியில் அம்மாவின் குரலில் வித்தியாசம் தெரிந்தால் குணம் மாறிவிட்டது என்று கோபிக்காமல் அதையும் கிளினிக்கில் சொல்லச் சொல்லுங்கள்.

சீனிதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது, ஏனென்றால் இங்கே பரிசோதனையே ஏமாற்றும். வழமையாக எங்கள் ஆட்கள் விடிய வெறும் வயிற்றில் லாப்புக்குப் போய் பாஸ்ரிங் சீனி பார்ப்பார்கள். காலை எட்டு மணிக்குப் போட்ட பிரெட்னிசொலோன் சீனியை ஏற்றுவது மத்தியானத்துக்குப் பிறகு. பின்னேரம் உச்சத்துக்குப் போய், இரவு முழுக்க இறங்கி, விடியும்போது நல்ல பிள்ளையாக நிற்கும். துண்டில் 95 என்று வரும். "சீனி நோமல்" என்று சந்தோசமாக வந்து, பத்து மணிக்கு ஒரு கோப்பை பால்தேத்தண்ணி, மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு, மூன்று மணிக்குக் குத்திப் பார்த்தால் 240. ஆகவே பார்க்க வேண்டிய நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. இங்கே 200 என்று சொல்வது உங்கள் ஊர் மீற்றரில் 11.1, அதற்கு மேல் வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏ1சி (கடந்த மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) பார்ப்பதும் நல்லது. பசியும் இந்த மருந்து கிளப்பும், அதைச் சாப்பாட்டில் தீர்த்தால் சீனியும் நிறையும் சேர்ந்து ஏறும். பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்தால் பரவாயில்லை என்ற யாழ்ப்பாணத்து நம்பிக்கைக்கு மருத்துவத்தில் இடமில்லை, அதுவும் சீனிதான். இந்த மருந்தால் பிரசரும் ஏறக்கூடும், அதற்காகக் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றையும் ஒதுக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

எலும்பு. மாமியின் குற்றச்சாட்டு சரி, நேரக்கணக்குத்தான் பலருக்குத் தெரியாது. எலும்பு கெதியாகத் தேய்வது முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதத்துக்குள். "எப்போதாவது பார்ப்போம்" என்று ஒத்திவைக்கும் விஷயமாக எடுத்தால் பிந்திவிடும். 71 வயதில், மூன்று மாதத்துக்கு மேல் இந்த மருந்து போடுபவருக்குக் கல்சியமும் விற்றமின் டியும் மட்டும் போதுமா, அலென்ட்ரோனேற் போன்ற எலும்புக் குளிசையும் வேண்டுமா என்று அடுத்த கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். அலென்ட்ரோனேற் தந்தால் அதைப் போடும் முறை பிடிவாதமானது: கிழமைக்கு ஒரு நாள், எழும்பினவுடன் வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் பச்சைத்தண்ணியோடு, அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்க அல்லது நிற்க வேண்டும். படுத்தால் தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். தேத்தண்ணியோ கல்சியமோ கூடவே போனால் மருந்து உடம்பில் சேராது. அன்றைக்குப் பிரெட்னிசொலோனைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். சாப்பாட்டில் நெத்தலியையும் சூடையையும் முள்ளோடு சாப்பிடுவதும் குரக்கனும் முருங்கையிலையும் துணை. முதுகெலும்பு நொருங்கினாலும் சிலருக்கு நோவே தெரியாது. அம்மா கட்டிப் பழகிய அதே சேலை நிலத்தில் இழுபடத் தொடங்கினால் அவர் கட்டையாகியிருக்கிறார் என்று அர்த்தம், எக்ஸ்ரே கேளுங்கள். திடீர் நாரி நோவுக்கும் அப்படித்தான்.

தசையில் ஒரு சூட்சுமம் உண்டு. பிரெட்னிசொலோன் கனகாலம் போட்டால் தொடை, தோள் தசை மெலியும். கதிரையில் கைபிடிக்காமல் எழும்ப ஏலாது. உங்கள் அம்மாவின் பழைய நோயும் அதே தோள், அதே தொடை. எது எதென்று எப்படிப் பிரிப்பது? நோய் திரும்பினால் நோவும் காலையிறுக்கமும் இருக்கும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் என்ற அளவு ஏறும். மருந்தால் வந்த மெலிவில் நோவே இருக்காது, பலம் மட்டும் போகும். "அம்மாவுக்கு ஏலாதாம்" என்று மட்டும் சொன்னால் டொக்டர் மருந்தைக் கூட்டிவிடக்கூடும். நோகிறதா நோகவில்லையா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணைப் பொறுத்தவரை வெண்புரையும் கண்ணழுத்தமும். அழுத்தம் கூடுவது ஆளுக்குத் தெரியவே தெரியாது, ஆகவே ஆறு மாதமோ வருடமோ ஒருமுறை கண் டொக்டர் அளந்து பார்க்க வேண்டும். குடும்பத்தில் ஆருக்காவது குளுக்கோமா இருந்தால் இன்னும் நேரத்தோடு.

தொற்று விஷயத்தில் மருந்து இரண்டு வேலை செய்கிறது: எதிர்ப்பைக் குறைக்கிறது, கூடவே காய்ச்சலை மறைக்கிறது. அதனால் மூன்று கிழமைக்கு மேல் இருமல், இரவு வியர்வை, நிறை குறைதல் என்றால் சளிச் சோதனை. பழைய காசநோய்க் கிருமி நெஞ்சுக்குள் தூங்கிக் கிடந்தால் இந்த மருந்து எழுப்பிவிடும். காசநோய்க்கு ரிபாம்பிசின் தொடங்கினால் பிரெட்னிசொலோனின் வேலை குறையும் என்பதையும் இரண்டு கிளினிக்குக்கும் சொல்ல வேண்டும். கொப்பளிப்பான் வந்த வீட்டுக்கு, தனக்கு முன்பு வராதவர் என்றால், போகவே வேண்டாம். அதிகம் பேசப்படாத இன்னொன்று: தோட்ட மண்ணில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் குடலில் ஸ்ரொங்கிலோயிட்ஸ் என்ற புழு பல பத்து வருடம் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்ரெரொயிட் போட்டவுடன் அது பெருகி உடம்பெல்லாம் பரவிய சம்பவங்கள் மருத்துவத்தில் நன்கு தெரிந்தவை. அம்மா வெங்காயத் தோட்டம் செய்த குடும்பம் என்றால், விளங்காத வயிற்றோட்டமோ தோல் கடியோ இருந்தால், சொல்லுங்கள்; மருந்து சிம்பிளானது.

மருந்தைக் குறைக்கும் காலத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். சாதாரண உடம்பு காய்ச்சலில் கோர்ட்டிசோலைக் கூட்டிச் சுரக்கும்; அம்மாவின் உடம்பால் முடியாது. 7.5 போடுபவருக்குக் காய்ச்சல் நாட்களில் காலை 5, பின்னேரம் 5 என்று உயர்த்தச் சொல்வது வழமை. சத்தி எடுத்துக் குளிசை வயிற்றில் தங்கவில்லையென்றால் வீட்டில் இருந்து பார்க்காமல் ஊசிக்குப் போக வேண்டும். பல்லுப் பிடுங்குதல், வெண்புரை ஒப்பரேஷன் எதற்கும் முன்னரும் சொல்லியே ஆக வேண்டும்.

சேரக்கூடாதவை: நோவுக்கென்று கடையில் வாங்கும் டிக்ளோபெனாக், இபுபுரோபன். இவை பிரெட்னிசொலோனோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும். மலம் தார் மாதிரிக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி. நோவுக்குப் பனடோல் போதும். தண்ணி போகிற குளிசையும் சேர்ந்திருந்தால் பொற்றாசியம் பார்க்க வேண்டும். தடுப்பூசிகளில் உயிருள்ள வகையைப் போடுமுன் கேளுங்கள், இன்புளுவென்சாக் காய்ச்சல் தடுப்பூசி ஊசி போன்ற உயிரற்ற வகையைத் தாராளமாகப் போடலாம்.

நாட்டு மருந்துக்குப் போக அம்மா யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முறையான சித்த வைத்தியரைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. என் பயம் பெயரில்லாத பொட்டலத்தில். மூட்டு நோவுக்கு ஒரு தூள், மூன்றே நாளில் சுகம் என்று வாங்கித் தின்ற ஒருவர் ஒரு வருடத்தில் முகம் உருண்டு, தோல் கண்ட இடமெல்லாம் கண்டிப்போய் வந்தார். வைத்தியம் பார்த்த டொக்டர், தூளுக்குள் ஸ்ரெரொயிட்டை இடித்துக் கலந்திருக்கிறார்கள் என்றே முடிவு செய்தார். முகம் வெளுக்கவென்று பெண்பிள்ளைகள் பூசும் சில களிம்புகளிலும் இதே கதைதான். ஸ்ரெரொயிட்டுக்குப் பயந்து அளவு தெரியாத ஸ்ரெரொயிட்டுக்குப் போய்ச் சேருவார்கள்.

இன்னொன்று, பார்சல் விஷயம். உங்கள் ஊரில் கிடைக்கும் பிரெட்னிசோன் வேறு பெயர் என்றாலும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் இதேதான். ஆனால் அங்கே 50 மில்லிகிராம் குளிசையும் உண்டு. இங்கே ஒன்றரை போட்டுப் பழகிய கை அதிலும் ஒன்றரை போட்டால் 75. மருந்து அனுப்ப வேண்டாம். ஒரு குளுக்கோமீற்றரும் குத்தூசி, ஸ்ரிப் இரண்டு பெட்டியும், ஒரு பிரசர் மெஷினும் அனுப்புங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் "பிரெட்னிசொலோன் போடுகிறேன், திடீரென்று நிறுத்தக்கூடாது" என்று எழுதி, தொடங்கிய திகதியையும் இப்போதைய அளவையும் கீழே குறிக்கச் சொல்லுங்கள். அளவு மாறும் ஒவ்வொரு முறையும் பழையதை வெட்டிப் புதியதை எழுத வேண்டும். அதைப் பக்கத்து வீட்டு மாமியிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். கிணற்றடியில் விழுந்தால் முதலில் ஓடிவரப்போவது அவர்தான்.